தினமும் ஓடும் பிக்அப் வண்டிக்கு எந்த எஞ்சின்? முதல் வண்டி வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

2005ஆம் ஆண்டு டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது, அதை வாங்கப் போனவர் எஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டு சிலிண்டர் கொண்ட சுமார் 700 சிசி டீசல் எஞ்சின் ஒன்றுதான் அதில் வந்தது. இன்றோ, தமிழ்நாட்டில் குட்டி யானை என்று எல்லோரும் அழைக்கும் அதே ஏஸ், பெட்ரோலிலும் டீசலிலும் சி.என்.ஜி. எனும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவிலும் மின்சாரத்திலும் கிடைக்கிறது. மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோலும் சி.என்.ஜி.யும் மட்டுமே உண்டு. 2016இல் அது அறிமுகமானபோது இருந்த 793 சிசி டீசல் எஞ்சின், பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு நிறுத்தப்பட்டது. அசோக் லேலண்டின் தோஸ்த், மகிந்திராவின் பொலேரோ பிக்அப் போன்ற அடுத்த நிலை வண்டிகளில் டீசல்தான் இன்னும் முதன்மையானது என்றாலும், அங்கும் சி.என்.ஜி. வகைகள் வந்துவிட்டன.

முதன்முறையாகச் சொந்தமாக ஒரு லோடு வண்டி எடுத்து, அதை நாள்தோறும் ஓட்டிப் பிழைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷோரூமில் முதலில் காதில் விழுவது மைலேஜ் கணக்கு. அது முக்கியந்தான். ஆனால், ஒரு முறை ஸ்டார்ட் செய்தால் வண்டி எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடப் போகிறது, எத்தனை கிலோவைச் சுமக்கப் போகிறது, போகும் வழியில் எந்த எரிபொருள் கிடைக்கிறது ஆகிய மூன்றும்தான் உங்களுக்குப் பொருந்தும் எஞ்சினை முடிவு செய்கின்றன. மைலேஜ் அவற்றுக்குப் பிறகு வருவது.

முதல் படி: ஓட்டத்தை எழுதி வையுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன், ஒரு வாரத்துக்கு உங்கள் வேலையைத் தாளில் எழுதுங்கள். இப்போது வாடகை வண்டி வைத்து வேலை நடத்துகிறவர் அந்த ஓட்டத்தை எழுதலாம். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர், தாம் செய்யப்போகும் அதே வேலையைச் செய்கிற வண்டி ஒன்றோடு ஓரிரு நாள் உடன் போய் வரலாம். ஒவ்வொரு நடைக்கும் தூரம், ஏற்றிய எடை, எத்தனை இடத்தில் எஞ்சின் அணைக்கப்பட்டது, திரும்பும்போது வண்டி காலியாக வந்ததா, பாதையில் மேம்பாலமோ மலையோ உண்டா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடையை மட்டும் கண்ணளவில் குறிக்காதீர்கள். தண்ணீர் கேன் போடுகிற தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஒரு கேனில் 20 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. 35 கேன் ஏற்றினால் கேனின் எடை சேராமலே 700 கிலோ ஆகிவிடுகிறது. திறந்த தொட்டி கொண்ட சூப்பர் கேரி பெட்ரோல் வண்டியின் சுமை அளவு 740 கிலோ என்பதால் அதில் இந்த லோடு ஒருவாறு அடங்கிவிடும். அதே வண்டியின் சி.என்.ஜி. வகையில், வாயு சிலிண்டரின் எடையும் சேர்ந்துவிடுவதால் சுமை அளவு 625 கிலோவாகக் குறைகிறது. ஆகவே அதே 35 கேன் அங்கே ஓவர்லோடு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி, எரிபொருள் மட்டுமே வேறு. எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது எடையைத் தேர்ந்தெடுப்பதும் ஆகும் என்பதைப் புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

சிமென்ட் மூட்டை 50 கிலோ. இருபது மூட்டை ஒரு டன். காய்கறி, பழம் ஏற்றுகிறவர்கள் கிரேட்டின் வெற்று எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கூண்டு கட்டப் போகிறீர்கள் என்றால் அந்த இரும்பின் எடை முழுவதும் உங்கள் சுமை அளவிலிருந்துதான் கழியும்.

இரண்டாம் படி: குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள், டார்க்கைப் பாருங்கள்

விளம்பரத் தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று குதிரைத்திறன், மற்றொன்று நியூட்டன் மீட்டரில் சொல்லப்படும் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை. சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சுமார் 80 குதிரைத்திறன் கொடுக்கிறது. பொலேரோ பிக்அப்பின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினோ சுமார் 75தான் கொடுக்கிறது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் சிறிய வண்டிதான் பலசாலி என்று தோன்றும். டார்க்கைப் பார்த்தால் படம் தலைகீழாகிவிடுகிறது: சூப்பர் கேரியில் ஏறத்தாழ 104 நியூட்டன் மீட்டர், பொலேரோவில் 200. அதிலும் பெட்ரோல் எஞ்சின் தன் முழு டார்க்கை எட்டுவதற்கு நிமிடத்துக்கு 3,000 சுற்றை நெருங்க வேண்டியிருக்க, டீசல் எஞ்சின் அதில் ஏறக்குறைய பாதிச் சுற்றிலேயே முழு விசையையும் கொடுத்துவிடுகிறது.

இந்த வேறுபாடு சமதளச் சாலையில் அவ்வளவாகத் தெரியாது. முழு லோடோடு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நின்று, முன்னால் உள்ள பேருந்து நகர்ந்ததும் முதல் கியரில் கிளம்பும்போது தெரியும். டார்க் குறைந்த எஞ்சினில் ஆக்சிலரேட்டரை அதிகம் மிதித்து, கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டுதான் வண்டியை நகர்த்த முடியும். நாளுக்குப் பலமுறை இப்படிச் செய்தால் கிளட்ச் தட்டு சீக்கிரம் தேய்ந்து, எரிபொருளில் மிச்சம் பிடித்த பணம் ஒர்க்ஷாப்புக்குப் போய்விடும்.

மலைப் பாதையில் ஓட்டுகிறவர்கள், லோடு எந்தத் திசையில் போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கொல்லிமலைக்குப் போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலிருந்து அன்னாசியும் பலாவும் வாழையும் இறக்கி வருகிறவர் பெரும்பாலும் காலியாக ஏறி, லோடோடு இறங்குகிறார். அவருக்கு முக்கியமானவை பிரேக்கும், கீழ் கியரில் வண்டியை அடக்கி இறக்கும் பழக்கமும். கீழிருந்து சிமென்ட்டும் கம்பியும் ஏற்றிப் போகிறவருக்குத்தான் அதிக டார்க் கொண்ட எஞ்சின் உண்மையிலேயே தேவைப்படுகிறது. மலை என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய எஞ்சினுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: டீசல் உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்துமா என்று சோதியுங்கள்

லோடு வண்டி என்றால் டீசல்தான் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பழைய வண்டிகளைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமான பிறகு டீசல் எஞ்சினின் குணம் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை விற்பனையாளர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகைக்குழாயில், கரித்துகளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. ஓட ஓட அதில் கரி சேரும். வண்டி நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால் புகையின் வெப்பத்திலேயே அந்தக் கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகும். அப்படி எரியாமல் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்திக் கரியை எரிக்க முயலும். இதற்குச் சில நிமிடங்கள் நிற்காத ஓட்டம் வேண்டும். ஒரு தெருவில் மூன்று கேன் இறக்கி, எஞ்சினை அணைத்து, அடுத்த தெருவில் மீண்டும் ஸ்டார்ட் செய்கிற வேலையில் அந்தச் சில நிமிடங்கள் கிடைப்பதே இல்லை. எரிக்கத் தொடங்கிய வேலை பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கும். பிறகு டாஷ்போர்டில் வடிகட்டி விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் இழுவை குறைந்து வண்டி தவழத் தொடங்கும். இறுதியில் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை இணைத்து வலுக்கட்டாயமாகக் கரியை எரிக்க வேண்டிவரும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. கரியை எரிப்பதற்காகச் சிலிண்டருக்குள் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடலாம். ஆகவே இத்தகைய வண்டியில் காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்க்கும்போது, ஆயில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், ஆயில் குறையவில்லை என்று மகிழ்வதற்கு மாறாக, அதில் டீசல் கலந்து நீர்த்திருக்கிறது என்று புரிந்துகொண்டு உடனே சர்வீஸ் சென்டருக்குச் சொல்ல வேண்டும். கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் குறைந்த சாம்பல் வகை ஆயிலை விட்டுவிட்டு விலை மலிவான வேறொன்றை ஊற்றுவதும் வடிகட்டிக்குக் கேடு, ஏனென்றால் கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாமல் அதிலேயே தங்கிவிடும்.

சில டீசல் வண்டிகளில், புகையைச் சுத்தப்படுத்துவதற்காக டி.இ.எஃப். எனப்படும் யூரியாக் கரைசலையும் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். சில சிறிய எஞ்சின்கள் அது தேவைப்படாத வேறு ஏற்பாட்டில் வருகின்றன. நீங்கள் பார்க்கும் மாடல் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். 32.5 விழுக்காடு யூரியா கொண்ட அந்தக் கரைசலில் தண்ணீர் கலக்கவோ, அதன் டேங்க் காலியாகும் வரை விட்டுவைக்கவோ கூடாது.

இவ்வளவும் சொன்னதால் டீசல் வேண்டாம் என்று பொருளில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி மதுரைக்கோ கேரளத்துக்கோ ஒரே மூச்சில் போகிற வண்டிக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து அன்றாடம் நீண்ட தூரம் உருளைக்கிழங்கு கொண்டுபோகிற வண்டிக்கு, ஒரு டன்னுக்கு மேல் சுமக்கிற எந்த வண்டிக்கும், இன்றும் என் பரிந்துரை டீசல்தான். அங்கே வடிகட்டி தானாகவே சுத்தமாகிக்கொள்ளும். டார்க்கும் மைலேஜும் சேர்ந்து போட்ட பணத்தை மீட்டுத் தரும். பழைய வண்டியாக விற்கும்போதும் வாங்க ஆள் இருப்பார்.

நான்காம் படி: பெட்ரோலோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள்

ஏஸ் போன்ற சிறிய வண்டியின் பெட்ரோல் எஞ்சின் எளிமையானது. மேலே சொன்ன கரி வடிகட்டி அதில் இல்லை. வண்டி விலை குறைவு. அதிர்வும் சத்தமும் குறைவு. எத்தனை முறை அணைத்து ஸ்டார்ட் செய்தாலும் அதற்காகத் தனிக் கேடு ஏதுமில்லை. குறை என்னவென்றால் லோடு ஏற ஏற மைலேஜ் சரசரவென்று இறங்கும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் தூய பெட்ரோலைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் திரும்பி வரும் என்பதைக் கண்டுபிடிக்கும் கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய், உங்கள் லோடில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் கொடுக்கின்றன, இரண்டுக்கும் ஆன்ரோடு விலை வித்தியாசம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 6.25 ரூபாய், டீசல் செலவு 4.60 ரூபாய், மிச்சம் 1.65 ரூபாய். 80,000ஐ 1.65ஆல் வகுத்தால் ஏறத்தாழ 48,500 கிலோமீட்டர் வருகிறது. நாளுக்கு 40 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுகிறவருக்கு அந்தத் தூரத்தை எட்ட நான்கு ஆண்டுகள் ஆகும். கடன் தவணை முடிகிற காலமே அவ்வளவுதான். நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒன்றரை ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். இந்த எண்களை நீக்கிவிட்டு உங்கள் ஊர் விலையையும், உங்கள் டீலர் கொடுத்த விலைத்தாளில் உள்ள தொகையையும், அதே வண்டியை ஓட்டுகிறவர்கள் சொல்லும் மைலேஜையும் போட்டுப் பாருங்கள். கூடுதல் விலைக்கான கடன் வட்டியையும், டீசல் சர்வீஸ் செலவு அதிகம் என்பதையும் சேர்த்தால் திரும்பும் தூரம் இன்னும் நீளும்.

மைலேஜைப் பொறுத்தவரை, கம்பெனித் தாளில் உள்ள எண்ணைவிட ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்காரர்கள் சொல்வது நம்பத்தகுந்தது. அவர்களிடம் "மைலேஜ் என்ன கிடைக்கிறது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "என்ன லோடில், எந்த ரோட்டில்?" என்றும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: சி.என்.ஜி. பங்கை நேரில் போய்ப் பாருங்கள்

சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் செலவு கிலோமீட்டருக்கு 4.50 ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் நல்ல மிச்சம். டீசலோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே சி.என்.ஜி.யைப் பெட்ரோல் வண்டிக்கு மாற்றாகத்தான் எடைபோட வேண்டும்.

காகிதக் கணக்கைவிட இங்கே பங்குதான் முக்கியம். சென்னை, கோவை, சேலம் போன்ற நகரங்களிலும் முக்கிய நெடுஞ்சாலைகளிலும் பங்குகள் பெருகியிருந்தாலும், உட்பகுதி ஊர்களில் இன்னும் தேட வேண்டியிருக்கும். பல பங்குகளுக்குக் குழாய் இணைப்பு இல்லாமல், சிலிண்டர் அடுக்கிய லாரியில் வாயு வந்து இறங்குகிறது. அத்தகைய இடத்தில் இருப்புக் குறையும்போது அழுத்தமும் குறையும். 200 பார் அழுத்தத்தில் நிரம்ப வேண்டிய உங்கள் சிலிண்டர் அன்று அரைகுறையாகத்தான் நிரம்பும். ஆகையால் நீங்கள் வழக்கமாக நிரப்பப்போகும் அதே நேரத்தில் அந்தப் பங்குக்குப் போய், வரிசையின் நீளத்தையும் ஆட்டோக்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். காலை ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போக வேண்டியவர் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றால் மிச்சம் என்று எதுவும் இல்லை.

இழுவையிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. சூப்பர் கேரியின் எஞ்சின் பெட்ரோலில் 80 குதிரைத்திறன் தர, சி.என்.ஜி.யில் சுமார் 71தான் தருகிறது. கூடவே இருக்கும் ஐந்து லிட்டர் பெட்ரோல் டேங்க் அடுத்த பங்கு வரை போய்ச் சேர்வதற்கு மட்டுமே. சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும் என்பது சட்டம். வெளியில் சி.என்.ஜி. கிட் மாட்டிக்கொள்ளலாம் என்று பெட்ரோல் வண்டி வாங்க வேண்டாம். கம்பெனியிலேயே பொருத்தி வருவதை வாங்குங்கள். வாரன்டியும் இன்ஷூரன்ஸும் சிக்கலில்லாமல் இருக்கும்.

ஆறாம் படி: மின்சார வண்டியை ஒதுக்கிவிடாமல் பாருங்கள்

2022இல் அறிமுகமான ஏஸ் மின்சார வண்டியில் 21.3 கிலோவாட் மணி பேட்டரியும் 130 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்கும் மோட்டாரும் இருக்கின்றன. அதே ஏஸின் பெட்ரோல் எஞ்சினுடைய டார்க் 55 நியூட்டன் மீட்டர்தான். தவிரவும், மின் மோட்டார் வண்டி நிற்கும் நிலையிலிருந்தே தன் முழு விசையைக் கொடுப்பதால் ஏற்றத்தில் கிளட்சோடு போராட வேண்டியதில்லை, கிளட்சே இல்லை. 2024இல் ஒரு டன் சுமக்கும் வகையும் வந்தது.

சான்றளிக்கப்பட்ட தூரம் 154 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டாலும், லோடோடும் நெரிசலோடும் ஓட்டும்போது அதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். உங்கள் நாள் ஓட்டம் 80 கிலோமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. ஒரு யூனிட் மின்சாரம் 9 ரூபாய், அதில் ஐந்து கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 1.80 ரூபாய்தான் ஆகிறது. தண்ணீர் கேன், பால், கூரியர், காஸ் சிலிண்டர் என ஒரே வட்டத்துக்குள் சுற்றி இரவு ஒரே இடத்துக்குத் திரும்புகிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்த ஒரே இடம் உங்களுக்கு இருக்க வேண்டும். 15 ஆம்ப் பிளக்கில் முழுச் சார்ஜ் ஏற ஏழு மணி நேரம் வரை ஆகலாம். வண்டியைத் தெருவோரம் நிறுத்துகிறவர் ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துச் சார்ஜ் போடுவதை ஒருபோதும் செய்யக் கூடாது. சரியான எர்த் இணைப்பு உள்ள தனி பாயின்ட் போட முடியுமா, வீட்டின் மின் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா, தொழிலுக்கான சார்ஜுக்கு எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று ஈ.பி. அலுவலகத்தில் கேட்டபின் முன்பணம் கொடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தெருவில் நிறுத்துகிறவர்கள் பேட்டரி வாரன்டியில் வெள்ளச் சேதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டும்.

ஏழாம் படி: லோடோடு ஓட்டிப் பாருங்கள்

காலி வண்டியை டெஸ்ட் டிரைவ் போவதில் பயனில்லை. காலியாக எல்லா எஞ்சினும் நன்றாகத்தான் இழுக்கும். லோடு ஏற்றிய டெமோ வண்டியைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், மணல் மூட்டைகளை நீங்களே ஏற்பாடு செய்வதாகச் சொல்லுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி, முதல் கியரில் பின்னால் உருளாமல் கிளம்புகிறதா, ரிவர்ஸில் ஏற்றம் ஏறுகிறதா, மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் திணறுகிறதா என்று பாருங்கள். சுருக்கமாக முடிக்க அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் பணிந்துபோக வேண்டியதில்லை.

எஞ்சினைப் பெரிதாக்கினால் வண்டியும் ஒரு வகுப்பு மேலே போகலாம். வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. இரண்டு மாடல்களுக்கு இடையில் ஊசலாடுகிறவர்கள் இந்த எல்லையை இரண்டின் விவரத் தாளிலும் சரிபார்க்க வேண்டும்.

முன்பணம் கட்டிய பிறகு, டெலிவரி எடுக்கும் நாளில், இன்வாய்ஸில் எழுதியிருக்கும் எரிபொருள் வகையும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பார்த்துச் சரிபாருங்கள். உற்பத்தியான மாதத்தையும் பாருங்கள். முதல் 1,000 கிலோமீட்டருக்கு முழு லோடு ஏற்றாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், மேல் கியரில் வண்டியைத் திணறடித்து இழுக்காமல் ஓட்டி, முதல் சர்வீஸைக் கையேட்டில் குறித்த கிலோமீட்டரிலேயே முடித்துவிடுங்கள்.